ஐஸ்பெட்டி அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்

சும்மா தெருவில் நடந்து போயே ஒரு ஊரை நடுங்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்.

ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தடி உயரம், அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டர், முகம் நிறையச் சிரிப்பு. அவ்வளவுதான் ஆள். ஆனால் செருப்பில் ஒட்டிய கரிசல் மண்ணைத் தட்டுவதற்காக அவர் யார் வீட்டு வாசலிலாவது அரை நிமிடம் நின்றால் போதும், உள்ளேயிருந்து "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று குரல் கிளம்பும். எதிரே சைக்கிளில் வருகிறவன் அவரைப் பார்த்ததும் இறங்கித் திருப்பிக்கொண்டு போவான். ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கக் கிளம்பிய எங்கள் தெரு டெய்லர், வழியில் இவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு, முடிவே வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பெயர் ஐஸ்பெட்டி. பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. நேரில் அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் ஐஸ்பெட்டி.

அவர் முதலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இரண்டாயிரமாவது வருடத்தை ஒட்டி, இறந்தவர்களை வைப்பதற்கென்று கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி மதுரைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டார். போய்ப் பார்த்தார். ஒன்றை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கேதம், அதாவது சாவு, என்றாலே அவசரம்தான். சித்திரை வெயிலில் கரிசல்காடு கொதிக்கும். "வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துரணும்ப்பா" என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை. பம்பாயிலும் சூரத்திலும் வேலை பார்த்த பிள்ளைகள் ரயில் பிடித்து வந்து சேரும்போது சாம்பல்தான் இருக்கும். இனிமேல் அப்படி இல்லை, வந்து முகம் பார்க்கலாம் என்பதில் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் என்ன செய்தார் தெரியுமா? பெட்டிக்குப் பூசை போட்டார்! புது லாரிக்குப் போடுவது போலவே மாலை, சந்தனம், குங்குமம், வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சுற்றி உடைக்க ஒரு பூசணிக்காய். தெருவில் வீடு வீடாகப் போய் அழைத்தார். வந்தது நான் ஒருவன்தான்.

"தம்பி, மொத போணி நல்லா அமையணும்னு வேண்டிக்கிடுங்க" என்றார்.

பக்தியோடு கண்ணை மூடிய நான் சட்டென்று திறந்துவிட்டேன். யாரை நினைத்து வேண்டிக்கொள்வது?

நான் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. நான் அப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். என்னைப் பார்த்தாலும் ஆட்கள் சந்துக்குள் புகுந்துகொள்வார்கள். "சார், நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா…" என்று பேச்சைத் தொடங்குகிறவனை எவன் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பான்? ஆகவே ஊர் ஒதுக்கிய இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையானோம். நான் சாவைப் பற்றிப் பேசுகிறவன், அவர் வந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருக்காது. இவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

பூசணிக்காயை உடைத்துவிட்டு, கற்பூரப் புகையில் கண் கலங்கிக்கொண்டே அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தொழிலு நல்ல தொழிலு தம்பி. ஆனா ஒரே ஒரு பயம். எம்மக முத்துலட்சுமிக்குக் கல்யாணம்னு ஒண்ணு வரும்லா? அன்னைக்கு இந்த ஊரு என் வீட்டு வாசல மிதிக்கணும். மிதிக்குமா?"

"மிதிக்கும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். பாலிசி விற்கிறவன் வாயில் வேறென்ன வரும்?

அடுத்த ஆறேழு வருடங்களில் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெட்டி போகாத திசை இல்லை. போகிற இடமெல்லாம் அண்ணாச்சியும் போவார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வருகிற வழக்கமே அவரிடம் இல்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் "அவியள விட்டுட்டு எப்படி வர?" என்பார்.

ஒருமுறை மந்தித்தோப்புப் பக்கம் ஒரு பெரியவர் தவறிப்போனார். பெட்டியை ஓடவிட்டதும் அவர் மனைவி பதறிவிட்டாள்.

"எய்யா, அவியளுக்குப் பனியே ஆகாது. சளி பிடிச்சிக்கிடும்."

கூடி நின்றவர்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அப்படியாம்மா? நல்லவேளை சொன்னீங்க" என்று எழுந்து, ஏதோ குமிழைத் திருகினார். பிறகு ஒரு மப்ளர் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, பெரியவர் காதை மறைத்து அழகாகக் கட்டிவிட்டார். அந்த அம்மாள் அதன்பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்து அழுதாள்.

நாகலாபுரம் போன கதை இன்னும் விசேஷம். ஐப்பசி மழை. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களிடம் கேளுங்கள், செருப்பை உருவிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். வேன் ஊருக்கு ஒரு மைல் முன்னால் அச்சுவரை இறங்கிவிட்டது. நானும் கூட இருந்தேன். கேத வீட்டில்தான் மனிதனுக்கு இன்சூரன்ஸ் ஞானம் பிறக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். "பையில இருந்து ஃபாரத்தை வெளிய எடுத்தீங்கன்னா, வேன்ல இருந்து எறக்கி விட்டுருவேன்" என்று அண்ணாச்சி முதலிலேயே மிரட்டித்தான் ஏற்றியிருந்தார்.

வேறு வழியில்லாமல் காட்டுவேலைக்கு வந்த ஆறு பேரைப் பிடித்து, பெட்டியைத் தோளில் ஏற்றி, பருத்திக்காட்டு வரப்பில் நடந்தோம். வழியில் ஒரு சின்ன ஊர். பெட்டி வருவதைக் கண்ட பெண்கள் யார், என்ன என்று கேட்கவே இல்லை. தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஓடிவந்து "என்னப் பெத்த ராசா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

"எம்மா, எம்மா, உள்ள ஆளு இல்ல! வெறும் பெட்டி!" என்று அண்ணாச்சி கத்துகிறார். யார் காதில் விழுகிறது? கடைசியில் மூடியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்:

"அப்ப ஆளு எங்கன இருக்கு?"

"நாகலாபுரத்துல."

"சரி, அழத் தொடங்கியாச்சு. பாதியில நிப்பாட்டுனா நல்லா இருக்காது. ஏட்டி, வாங்கட்டி, போயி அழுதுட்டு வந்துருவோம்" என்று மொத்தப் பேரையும் கூட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டாள். கேத வீட்டார் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, தங்கள் அப்பாவுக்குப் பக்கத்து ஊரில் இவ்வளவு செல்வாக்கா என்று அசந்து போனார்கள்.

அந்த வீட்டில்தான் இன்னொரு ரகளையும் நடந்தது. இறந்தவரின் தங்கை வெளியூரிலிருந்து வந்தவள், அண்ணன் மேல் விழுந்து அழப் போனாள். நடுவில் கண்ணாடி.

"கண்ணாடியில சாயாதீங்கம்மா! ஒடஞ்சிரும்! அழுறவங்க அந்தப் பக்கம் நின்னு அழுங்க!" என்றார் அண்ணாச்சி.

"ஏலே, எங்க அண்ணன் மேல விழுந்து அழ ஒங்கிட்ட சீட்டு வாங்கணுமா?" என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். அண்ணாச்சி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மூடியின் கொக்கிகளைக் கழற்றி, தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூலிங் போனா போகுது. அழுங்கம்மா. மெதுவா அழுங்க, அவசரமில்ல" என்றார். கால் மணி நேரம் அந்தக் கனமான மூடியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். திரும்பி வரும்போது அவரால் கையை மடக்க முடியவில்லை. நான்தான் டீ கிளாஸை வாயருகே பிடித்தேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பயம் பயம்தான். தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பத்து நாளாகப் படுத்த படுக்கை, கஞ்சி கூட இறங்கவில்லை. பழகிய தோஷத்துக்கு அண்ணாச்சி நாலு ஆப்பிளோடு பார்க்கப் போனார். கண்ணைத் திறந்த பெரியவர், கட்டில் ஓரத்தில் சிரித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்ல, இட்லி கொண்டா" என்று மருமகளை அதட்டினார். அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். வைத்தியர் கைவிட்ட கேஸ்களுக்கு ஐஸ்பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லும் பழக்கமே எங்கள் தெருவில் வந்துவிட்டது.

ஆனால் அவர் வீட்டுக்கு ஒருவரும் போக மாட்டார்கள். மதினி, அதாவது அவர் மனைவி, யாராவது தப்பித்தவறி வந்தால் ஆசையாக ஃபிரிட்ஜைத் திறந்து ஜில்லென்று தண்ணீர் கொண்டுவருவார். வந்தவர் முகம் வெளுத்துப்போகும். "இப்பதான் குடிச்சிட்டு வாரேன் மதினி" என்று செருப்பைத் தேடுவார். அந்த ஃபிரிட்ஜ் வேறு, அந்தப் பெட்டி வேறு என்று எத்தனை பேருக்கு விளக்க முடியும்? மே மாதம் நாக்கு வறண்டு வந்தவன்கூட அங்கே தண்ணீர் குடித்ததில்லை.

இந்த நிலையில்தான் முத்துலட்சுமிக்கு வரன் வந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர், தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் சாதாரணமாகக் கேட்டார்.

"எங்க பக்கம் நானூறு பேரு வருவோம் சம்பந்தி. ஒங்க பக்கம்?"

அண்ணாச்சி பக்கம் சொந்தம் என்றால் மதினியின் தம்பி ஒருவன், ஒரு அத்தை. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க பக்கமும் நானூறு வைங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில வந்துருச்சு தம்பி. இப்ப என்ன செய்ய? பொண்ணு வீட்டுப் பக்கம் நாற்காலி காலியா கெடந்தா, நாளைக்கு எம்மகளைத்தான ஒரு வார்த்தை சொல்லுவாங்க? 'ஒங்கப்பன் மூஞ்சிக்கு ஒரு ஈ காக்கா வரல'ன்னு சொல்லுவாங்கள்ல?"

பத்திரிகை அடித்து வந்தது. தட்டில் குங்குமச் சிமிழும் பத்திரிகையுமாக இரண்டு பேரும் கிளம்பினோம். முதல் வீடு எஸ்தர் டீச்சர் வீடு. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று மகனோடு இருந்தார்கள். அண்ணாச்சி கேட்டைத் திறந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "அத்தே!" என்று வீறிட்டாள். மகன் சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஓடினான். பக்கத்து வீட்டார் சுவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள். குளித்துக்கொண்டிருந்த டீச்சர் ஈரத் தலையோடு ஓடிவந்து, எல்லோரையும் விலக்கிக்கொண்டு, "யாரு சொன்னா? நான் நல்லாத்தான் இருக்கேன்! கர்த்தர் சத்தியமா நல்லாத்தான் இருக்கேன்!" என்றார்கள்.

அடுத்த வீட்டுக்கு ஒரு யோசனை செய்தோம். நான் முன்னால் போய், "நல்ல காரியம்! நல்ல காரியம்!" என்று சத்தம் கொடுப்பது, அவர் பின்னால் வருவது. கொடுத்தேன். என் குரலைக் கேட்டதும், பாலிசிக்காரன் வந்துவிட்டான் என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டையா எங்கள் இருவரையும் சேர்ந்தாற்போலப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மோர் கொடுத்து ஆசுவாசப்படுத்திவிட்டுத் திரும்பினோம்.

"வேண்டாம் தம்பி" என்றார் அண்ணாச்சி. "அழைக்கப் போயி எவனுக்காவது ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் பெட்டியும் கொண்டு போகணும். தபால்ல போட்டுருவோம்."

உறைகளில் முகவரி எழுத நான் உதவுகிறேன் என்றேன். விடவில்லை. "இது நானே எழுதணும், அதான் மரியாதை." மூன்று நாள் வீட்டுக்குள் உட்கார்ந்து, டைரியைப் பார்த்துப் பார்த்து முந்நூற்றுச் சொச்சம் உறை எழுதினார். பெட்டி போன வீடெல்லாம் அந்த டைரியில் இருந்தது. எழுதி ஒட்டி, தலைமைத் தபால் நிலையத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் தபால்காரர் எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தபால்! சிரித்துக்கொண்டே உறையைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. உறையில் என் அப்பாவின் பெயர் இருந்தது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஓடினேன்.

"அண்ணாச்சி, இது என்ன?"

"பத்திரிகை."

"பேரைப் படிங்க."

படித்தார். "ஒங்க அப்பா பேருதான்."

"அப்பா செத்துப் போனாருல்லா அண்ணாச்சி!"

"எனக்குத் தெரியாதாக்கும்? நான்தான வச்சிருந்தேன்?"

"மத்த உறையெல்லாம் எப்படி எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

"டைரியில இருந்த பேரைத்தான் எழுதுனேன். அந்த வீட்டுலெல்லாம் எனக்குத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான தம்பி?"

சமையலறையிலிருந்து மதினி கரண்டியோடு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "செத்தவங்களையா கூப்பிட்டிருக்காரு இந்த மனுசன்? முந்நூறு பேரையுமா? எம்மா, முத்துலட்சுமி, ஒங்கப்பா செஞ்சிருக்க காரியத்தைப் பாரு!" முத்துலட்சுமி பாவம், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள். அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. டெஸ்டரை எடுத்துப் பார்த்தார், திரும்பப் பையில் வைத்தார், மறுபடி எடுத்தார். நான் தபால் நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். எல்லாம் நேற்றே பட்டுவாடாவுக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சங்கதியும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரிகையில் அவருடைய நிஜப் பெயர் அச்சாகியிருந்தது. அந்தப் பெயரைக் கோவில்பட்டியில் ஒருவருக்கும் தெரியாது. ஆக, யாரோ ஒருவர், செத்துப்போன ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார். எந்த வீட்டில் இதை வைத்துக்கொள்வார்கள்? கிழித்து அடுப்பில்தான் போடுவார்கள்.

கல்யாண நாள். ஏழரைக்கு மேல் முகூர்த்தம். ஏழு மணிக்குப் புதியம்புத்தூரிலிருந்து மூன்று பஸ்ஸில் ஆட்கள் இறங்கினார்கள். அத்தனை பேரும் அவர்களே தைத்த புதுச் சட்டை. மண்டபத்தின் வலது பக்கம் நிரம்பி வழிந்தது. இடது பக்கம், அதாவது எங்கள் பக்கம், நானும் என் மனைவியும், வேன் டிரைவர் குடும்பம், மதினியின் தம்பி, அத்தை எல்லாம் சேர்த்துப் பதினோரு பேர். நாங்கள் பதினோரு பேரும் கூட்டமாகத் தெரிவதற்காக ஆளுக்கொரு வரிசையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம்.

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு முறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற அண்ணாச்சி ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். மணமேடையில் முத்துலட்சுமி குனிந்த தலை நிமிரவில்லை. அது வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது எட்டயபுரம் ரோட்டுப் பருத்தி வியாபாரி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். கையில் எங்கள் பத்திரிகை உறை.

"எங்கப்பா பேருக்குப் பத்திரிகை போட்டது யாருய்யா?"

மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மண்டபம் முழுக்கத் திரும்பியது. செத்தேன் என்று எழுந்து ஓடினேன். அண்ணாச்சி செம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நான்தான்" என்றார்.

மீசைக்காரர் உற்றுப் பார்த்தார். "நீங்களா? நீங்க ஐஸ்பெட்டி…" என்று நிறுத்திக்கொண்டார். "இந்தப் பேரைப் பாத்துட்டு அப்பாவோட பழைய சிநேகிதரு யாரோன்னுல்லா நெனச்சேன். அவியளக் கூப்பிட்டிருக்காங்க, அவிய சார்பா நாமதான போகணும்னு வந்தேன்."

"சிநேகிதந்தான்" என்றார் அண்ணாச்சி. "நீங்க பம்பாயில இருந்து வார வரைக்கும் ஒன்றரை நாளு அவிய கூட நான்தான இருந்தேன்? பேசிக்கிட்டேதான் இருந்தேன்."

"யாரு கூட?"

"ஒங்கப்பா கூடத்தான். ஒங்க வீட்டுக்குப் போன் வர வர, 'ஐயா, ஒங்க பையன் சோலாப்பூர் தாண்டிட்டாரு, ஐயா, குண்டக்கல் வந்தாச்சு, கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். தனியா கெடக்காவல்லா? பயப்படக் கூடாதுல்ல?"

அந்த மீசை துடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் குனிந்து, பன்னீர் தெளிக்கச் சொல்லித் தலையைக் காட்டினார். பிறகு நேரே போய் இடது பக்கம் முதல் வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் டவுன் பஸ்ஸில் ஒரு குடும்பம் இறங்கியது. ஆட்டோவில் இரண்டு அக்காமார். விளாத்திகுளம் பக்கமிருந்து வேன் பிடித்து ஒரு கூட்டம். எல்லோர் கையிலும் அந்த உறை. எல்லோரும் அப்பாவின், அம்மாவின், மாமனாரின் பழைய சிநேகிதர் யாரென்று பார்க்க வந்தவர்கள். வாசலில் ஐஸ்பெட்டியைக் கண்டு ஒரு நொடி திகைத்தார்கள். அவர் விடவில்லை. "வாங்க, வாங்க, மிளகாய்க் கடை நாடார் மகதான? ஒங்கப்பா நல்ல ஒசரம், கால மடக்கி வைக்கவே மனசு வரல எனக்கு!" என்று சந்தோஷத்தில் கூவுகிறார். "ஏம்மா, ஒங்க மாமியா மொகத்துல எம்புட்டுக் களை! பெட்டியே வெளிச்சமாயிருச்சு!" கல்யாண வாசலில் பேசுகிற பேச்சா இது? நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை.

தாலி கட்டும்போது இடது பக்கம் நிற்க இடமில்லை. எங்கள் ஆட்கள் வலது பக்கத்துக்கு வழிந்து, புதியம்புத்தூர்க்காரர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். நாலாவது பந்திக்குச் சாம்பார் தீர்ந்து ரசத்தில் தொடங்கினோம். மாப்பிள்ளையின் அப்பா வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன சம்பந்தி, நானூறுன்னீங்க, அறுநூறு இருக்கும் போலிருக்கே! இவியள்லாம் ஒங்களுக்கு என்ன முறை?"

அண்ணாச்சி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "எல்லாம் நம்ம கஸ்டமரு பிள்ளைய" என்றார்.

பந்தி முடிந்து, முத்துலட்சுமி புதியம்புத்தூருக்குக் கிளம்பியபின், இரண்டு பேரும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, எங்கப்பாகிட்ட என்ன பேசுனீங்க? நான்தான் வீட்டுலயே இருந்தேனே. வாரேன்னு சொல்ல ஆளு இல்லையே."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அது வேற. 'ஒங்க மகன் ஒரு பாலிசி பிடிக்க நாயா அலையுதான், அந்தக் கவலையோட போகாதீங்கய்யா, நான் ஒண்ணு எடுத்துக்கிடுதேன்'னு சொன்னேன். அதான் அடுத்த மாசமே எடுத்தேன்லா?"

எடுத்தார். எங்கள் தெருவில் எனக்கு விழுந்த முதல் பாலிசி அதுதான். என் பேச்சுத் திறமையில் விழுந்தது என்று இத்தனை மாதமாக வீட்டிலும் ஆபீசிலும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்பா போன அன்று வராத அழுகையெல்லாம் அந்தப் படியில் வந்தது. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டு, "மெதுவா அழுங்க, அவசரமில்ல" என்றார்.

பாலிசி எடுத்தவர் நெடுநாள் இருக்க வேண்டும் என்றுதான் எந்த ஏஜென்டும் நினைப்பான். ஆனால் இந்த மனிதர் நூறு வயது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டது தொழிலுக்காக இல்லை.